ஊரில் எவரும் இல்லாத நாளில் எடுத்த கணக்கு

தென் அமெரிக்காவிலே, பேரு நாட்டின் அயகூச்சோ பகுதியில், அந்தீஸ் மலைமேல் ஏறக்குறைய 4,000 மீற்றர் உயரத்தில் இருக்கிறது உச்சுரக்காய். அந்தக் குளிரில் சோளன் விளையாது. உருளைக்கிழங்கும் ஆட்டு மந்தையுமே சீவனம். பேச்சு குவெச்சுவா மொழி.

1981 குடிசன மதிப்பீட்டில் இவ்வூரார் 470 பேர். 'ஒளிரும் பாதை' இயக்கத்துக்கும் அரச படைகளுக்கும் நடுவே அகப்பட்டு 135 பேர் மாண்டதாக 2003இல் உண்மை ஆணைக்குழு அறிக்கையிட்டது. எஞ்சியோர் 1984இல் உவாந்தா, லீமா நகரங்களுக்கும் பள்ளத்தாக்குகளுக்கும் சிதறினர்.

1993 ஜூலையில் மீண்டும் குடிசன மதிப்பீடு வந்தது. ஊர் வெறிச்சோடிக் கிடந்தது. நாட்டின் சனத்தொகை பெருகியிருக்க, அயகூச்சோவில் மட்டும் சுமார் 5,03,000 ஆக இருந்தது 4,92,000 ஆகக் குறைந்திருந்தது. அதே ஒக்டோபரில் உச்சுரக்காய்க் குடும்பங்கள் திரும்பத் தொடங்கின. மூன்றே மாத வித்தியாசம்!

பள்ளிக்கூடமும் பாதையும் விதைக்கிழங்கும் தலைக்கணக்குப் பார்த்தே பங்கிடப்படுமாயின், ஊரில் இல்லாதவரின் பங்கு யாருக்குப் போகும்? ஊர் விட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இடம்பெயர்ந்தவரை நிற்குமிடத்தில் எண்ணினால் போதாது. சொந்த ஊர் எது, காணி எங்கே என்பதையும் சேர்த்தே பதிய வேண்டும் என்பது எமது கருத்து. திரும்பி வந்தவர்களின் உச்சுரக்காய் 2014இல் தனி மாவட்டமாக்கப்பட்டது.