கொட்டிலில் புகுந்த கொடுநோய்

பன்றி என்றதும் முகம் சுளிப்போர் உண்டு. ஆனால், மிசோரத்து மலைச் சிற்றூரில் அதுதான் ஏழையின் உண்டியல்! பிள்ளையின் படிப்புக்கும் நோயாளியின் மருந்துக்கும் அதுவே முதல். அந்த உண்டியலை 2013-ல் உடைத்தது ஒரு வைரஸ் கிருமி.

இனப்பெருக்க - சுவாச நோய் என்பது அதன் பெயர். சினைப்பன்றி கரு கலையும். குட்டி செத்துப் பிறக்கும். பிழைத்ததும் மூச்சுத் திணறி மடியும். 1987-ல் அமெரிக்காவில் தலைகாட்டிய நோய். 1991-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கிருமியைப் பிரித்தறிந்தனர். 2006-ல் சீனத்தில் வெறிகொண்டு, வளர்ந்த பன்றிகளையும் மாய்த்தது. மிசோரத்தில் புகுந்ததும் அந்தக் கொடிய இனமே!

கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை. தடுக்க வழி உண்டு. புதிதாக வாங்கிய பன்றியை ஒரு மாதமேனும் தனியே கட்டவேண்டும். சோதித்த விந்தையே சினைக்குப் பயன்படுத்தவேண்டும். ஒரே ஊசியைப் பல பன்றிகளுக்குக் குத்தலாகாது. வண்டியையும் காலணியையும் கழுவிக் கிருமிநாசினி தெளிக்கவேண்டும். தடுப்பூசி துணைதான், கோட்டை அன்று. மனிதரை இந்நோய் தொற்றாது; வீண் பீதி வேண்டாம்.

"நோயை மறைத்து விற்கிறான்" என்று ஏழையை ஏசுகிறார்களே, தோழர்களே! சொன்னால் பன்றி போகும், பணம் வராது என்றால் எவன் சொல்வான்? தொற்றுநோய் கண்டால் அறிவி என்கிறது 2009-ஆம் ஆண்டுக் கால்நடை நோய்த் தடுப்புச் சட்டம். கட்டளை குதிரையேறி வந்து, இழப்பீடு நத்தையேறி வந்தால் பயன் என்ன?

இழப்பீடு பிச்சை அன்று. நோய்த்தடுப்பின் முதல் ஊசியே அதுதான்! அதை உடனே கொடுங்கள். குடிசை வாய் திறக்கும். கொடுநோய் வாய் மூடும்!