கணக்கு பிறந்த இடத்துக்குப் போகிற படிப்பு



பிளஸ் டூ முடிவுகள் வந்ததிலிருந்து நம் அலுவலகத்துக்கு வருகிற கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. “மகள் காமர்ஸ் குரூப். பி.காம். சேர்க்கலாம் என்றிருந்தோம். கல்லூரியில் பி.காம். பிசினஸ் அனலிட்டிக்ஸ் என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். கட்டணம் கொஞ்சம் கூடுதல். நம்பிச் சேர்க்கலாமா?” பி.பி.ஏ.வை வைத்து இதையே கேட்டிருக்கிறார் இன்னொருவர். கும்பகோணத்திலிருந்து ஒரு தாத்தா எழுதுகிறார்: “பேரன் பிசினஸ் டிரான்ஸ்ஃபர்மேஷன், அனலிட்டிக்ஸ் என்று ஏதோ சொல்கிறான். அவன் கடை வைக்கப் போகிறானா, கம்ப்யூட்டர் படிக்கப் போகிறானா என்று எனக்குப் பிடிபடவில்லை.”

தாத்தாவுக்கு முதலில் பதில். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் படிக்கப் போகிறான் ஐயா. ஒரு தொழிலில் அன்றாடம் பில், சரக்கு இருப்பு, சம்பளப் பட்டியல், வாடிக்கையாளர் புகார் என்று பதிவுகள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை ஒழுங்குபடுத்தி, எங்கே பணம் கசிகிறது, எங்கே வேலை தேங்குகிறது என்று கண்டுபிடிப்பது அனலிட்டிக்ஸ். கண்டுபிடித்ததை வைத்து வேலை நடக்கும் முறையையே மாற்றி அமைப்பது டிரான்ஸ்ஃபர்மேஷன். முதல் பாதியைக் கல்லூரிகள் ஆர்வமாகச் சொல்லிக்கொடுக்கின்றன, எக்செல், எஸ்.க்யூ.எல்., பவர் பிஐ, பைத்தான் என்று பட்டியலும் கவர்ச்சியாக இருக்கிறது. இரண்டாவது பாதி கடினம். அங்கே மாற வேண்டியது மனிதர்கள் செய்யும் வேலை. என் கணிப்பில் இந்தப் பட்டத்தின் உயிர் அந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் புராஜெக்ட் செய்த மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவரை அண்மையில் சந்தித்தேன். ஆல்டர் பீஸ், அதாவது தையல் சரியில்லாமல் திரும்பி வருகிற துணி, ஏன் கூடுகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. செக்கிங் நோட்டுகளை வாங்கி, பல மாதக் கணக்கை எக்செல்லில் ஏற்றி, வரைபடம் போட்டார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் கோடு செங்குத்தாக ஏறி நின்றது. முதலாளிக்கு ஆச்சரியமே இல்லை. “நான்தான் சொன்னேனே, ஞாயிற்றுக்கிழமை லீவு முடிஞ்சு வர்றவங்களுக்குக் கை ஓடாது” என்றாராம். வரைபடமும் அதையே சொல்வதுபோல் இருந்தது. அறிக்கையில் எழுத வேண்டியதுதான் பாக்கி.

எழுதுவதற்கு முன் இரண்டு நாள் செக்கிங் டேபிள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அங்கே இருந்த அக்காவிடம் திங்கட்கிழமைக் கதையைச் சொன்னார். “ஏங்கண்ணு, திங்கக்கெழமை காத்தால நாங்க பாக்கறது பூரா சனிக்கெழமை சாயங்காலம் தெச்சதாச்சே!” என்றார் அந்த அக்கா.

நோட்டில் இருந்தது செக்கிங் செய்த தேதி. தைத்த தேதி எங்கேயும் இல்லை. சனிக்கிழமை சம்பள நாள். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்கள் வாரக் கணக்கு முடிவதற்குள் எண்ணிக்கையை ஏற்றப் பார்ப்பார்கள், கை பறக்கும். அந்தக் குவியலைச் சரிபார்க்க அன்று நேரமிருக்காது. திங்கள் காலையில்தான் பிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வின்மேல் விழுந்த பழி, சம்பளக் கணக்கு முடிக்கிற முறைக்குப் போக வேண்டியது.

சரி, தைத்த தேதியை பண்டில் சீட்டில் எழுதச் சொன்னால் போதுமே என்று நமக்குத் தோன்றும். யார் எழுதுவது? பீஸ் ரேட் டெய்லர் பேனா எடுக்கிற நேரத்தில் அவர் கூலி குறைகிறது. கடைசியில் வழி சொன்னது கைமடி வேலை, அதாவது டெய்லருக்கு உதவியாள் வேலை, பார்க்கும் ஒரு பெண்: நாளுக்கு ஒரு நிறத்தில் சீட்டு வைத்துவிடுங்கள், கட்டும்போது அன்றைய நிறத்தைச் செருகிவிடுகிறேன், எழுதவே வேண்டாம். அடுத்ததாக மாணவி கேட்டது பெரிய மாற்றம். வாரக் கணக்கை வெள்ளிக்கிழமை இரவோடு முடித்துவிட்டு, சம்பளத்தை வழக்கம்போல் சனிக்கிழமை கொடுக்கலாமா? அவசரம் அப்போதும் இருக்கும். வெள்ளிக்கிழமைக்கு நகரும், அவ்வளவே. ஆனால் சனிக்கிழமை செக்கிங்கில் பிடிபடுகிற பீஸ், தைத்தவர் கைக்கே, மெஷினில் அதே நூல் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரும்பிவிடும். நிறச் சீட்டுக்கு முதலாளி உடனே தலையாட்டினார். சம்பளக் கணக்கு விஷயத்துக்கு நாள் எடுத்துக்கொண்டு, பிறகு ஒப்புக்கொண்டாராம்.

அந்த மாணவி எக்செல்லில் செய்ததை இன்று மென்பொருளே சில நொடியில் செய்துவிடும். இனி இன்னும் வேகமாகச் செய்யும். செக்கிங் டேபிள் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார அதற்குத் தெரியாது. “கம்ப்யூட்டரே எல்லாம் செய்யும் காலத்தில் இந்தப் படிப்புக்கு வேலை இருக்குமா?” என்று கேட்கும் பெற்றோருக்கு நான் தரும் பதில் இதுதான். வரைபடம் போடுவதோடு நின்றுவிடுகிற பிள்ளைக்குக் கஷ்டம்தான். கணக்கு பிறந்த இடம்வரை நடக்கத் தெரிந்த பிள்ளையைத் தொழில்கள் தேடிக்கொண்டே இருக்கும்.

இந்தத் துறையில் பாடமாகவே சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1980களின் தொடக்கத்தில் ஃபோர்டு கார் நிறுவனத்துக்கு வட அமெரிக்காவில் உதிரிபாகம் சப்ளை செய்பவர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்யும் பிரிவில் மட்டும் 500 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். கணினியைக் கொண்டுவந்து 400 ஆகக் குறைக்கலாம் என்பது நிர்வாகத்தின் திட்டம். ஜப்பானின் மாஸ்டா நிறுவனத்தை எட்டிப் பார்த்தால், அங்கே அதே வேலைக்கு 5 பேர்! மாஸ்டா சிறிய நிறுவனம்தான். அதைக் கணக்கில் கொண்டாலும் இடைவெளி மலைப்பானது. காரணத்தைத் தேடினார்கள். வாங்கச் சொன்ன ஆர்டர், சரக்கு வந்து இறங்கிய ரசீது, சப்ளையர் அனுப்பிய பில் ஆகிய மூன்றிலும் 14 விவரங்கள் ஒத்துப்போக வேண்டும்; ஒத்துப்போகாதவற்றைத் துரத்துவதிலேயே ஆட்களின் நாள் போயிற்று. ஃபோர்டு பில்லையே எடுத்துவிட்டது. சரக்கு இறங்கும் இடத்தில் இருக்கும் ஊழியர் கணினியில் ஆர்டரைப் பார்ப்பார். பொருந்தினால் வாங்கிக்கொள்வார், பொருந்தாவிட்டால் லாரியைத் திருப்பி அனுப்புவார். ஒப்பிட வேண்டிய விவரம் மூன்றாகச் சுருங்கியது. ஆட்கள் முக்கால் பங்கு குறைந்தார்கள். நிர்வாகவியல் அறிஞர் மைக்கேல் ஹேமர் 1990இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூவில் இதை எழுதிய பிறகு உலகெங்கும் நிர்வாக வகுப்புகளில் இது நிலைபெற்றுவிட்டது.

இதில் மாணவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, பழைய வேலையைக் கணினியில் வேகமாகச் செய்வதும் வேலையின் முறையை மாற்றுவதும் வேறு வேறு என்ற தெளிவை. அதோடு, இந்தப் பாடம் நடக்கும்போது நம் பிள்ளைகள் எழுந்து கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: அந்த முக்கால் பங்கு பேர் என்ன ஆனார்கள்? அதையும் சேர்த்து யோசிக்கிறவரே நல்ல மாற்றத்தைத் திட்டமிட முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் கண்முன்னே நடந்த மாற்றம் ஒன்றும் உண்டு. வங்கியில் பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டு பெஞ்சில் காத்திருந்த காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். உங்கள் கணக்கு அந்தக் கிளையின் லெட்ஜரில் இருந்தது; திருச்சியில் கணக்கு வைத்திருந்தால் மதுரைக் கிளைக்கு நீங்கள் யாரோ எவரோ. கணினி வருகிறது என்றதும் வேலை போய்விடும் என்ற அச்சம் ஊழியர்களிடம் எழுந்தது, நியாயமான அச்சம். 1983இல் வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் பேசி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. அதன் பிறகு 1984இல் வங்கிகளின் கணினிமயம் பற்றி அறிக்கை தந்தது, அரியலூரில் பிறந்த சி. ரங்கராஜன் தலைமையிலான ரிசர்வ் வங்கிக் குழு. 1989இல் அவர் தலைமையிலேயே இரண்டாவது குழுவின் அறிக்கை வந்தது. பின்னாளில் ரிசர்வ் வங்கியின் ஆளுநரானவரும் அவரே. 2000களில், எல்லாக் கிளைகளையும் ஒரே கணினி அமைப்பில் இணைக்கும் கோர் பேங்கிங் பரவியபோது கணக்கு கிளையை விட்டு வங்கிக்குச் சொந்தமானது. எந்த ஊர்க் கிளையிலும் பணம் எடுக்கலாம் என்றாயிற்று. 2016இல் வந்த யூ.பி.ஐ. இந்த அடித்தளத்தின்மேல்தான் நிற்கிறது. இயந்திரம் வாங்க ஒரு கையெழுத்து போதும். மனிதர்களை உடன் அழைத்துச் செல்ல ஆண்டுக்கணக்கில் பேச வேண்டியிருந்தது. அந்தப் பேச்சும் இந்தப் படிப்பின் பாடம்தான்.

“கணக்கு வராதே” என்று தயங்கும் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல செய்தி சொல்கிறேன். தமிழ்நாடு பாடத்திட்டத்தின் வணிகக் கணிதமும் புள்ளியியலும் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். பதினொன்றாம் வகுப்பில் ஒட்டுறவும் தொடர்புப் போக்கும் இருக்கின்றன. பன்னிரண்டில் காலத்தொடர் வரிசை, குறியீட்டு எண்கள், கூறெடுப்பு, தரக் கட்டுப்பாடு. போதாதற்குப் போக்குவரத்துக் கணக்கும் ஒதுக்கீட்டுக் கணக்கும். எந்தக் கிடங்கிலிருந்து எந்தக் கடைக்கு எவ்வளவு அனுப்பினால் வாடகை குறையும் என்பதை நம் அரசுப் பள்ளி மாணவர்கள் தமிழிலேயே போட்டுப் பழகியிருக்கிறார்கள். கல்லூரியில் ஆங்கிலப் பெயர் மாட்டிக்கொண்டு வருவது பெரும்பாலும் அதே சங்கதிதான். தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் முதல் செமஸ்டரில் மிரண்டு போவதைக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தப் பழைய புத்தகத்தை எடைக்குப் போடாமல் விடுதிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

புள்ளியியலுக்கும் தொழிலுக்கும் உள்ள உறவு பழையது. இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் டி-சோதனையைக் கண்டவர் வில்லியம் கோசெட், டப்ளின் கின்னஸ் மதுபான ஆலையின் ஊழியர். கையில் கிடைக்கிற சில மாதிரிகளை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் நம்பி முடிவெடுக்கலாம் என்பது ஆலையில் அவருக்கு எழுந்த கேள்வி. 1908இல் கட்டுரையை வெளியிட்டபோது நிறுவன விதிப்படி சொந்தப் பெயர் போட முடியாமல் ‘ஸ்டூடண்ட்’ என்ற பெயரில் எழுதினார்.

இனி, சேர்க்கை மேசையில் நீங்கள் கேட்க வேண்டியவை. புள்ளியியல் எத்தனை செமஸ்டர், அதை யார் நடத்துகிறார்? ஒரே செமஸ்டரில் முடித்துவிடுகிறோம் என்றால் யோசியுங்கள். ஆய்வகத்தில் பிள்ளைகள் தாங்களே எஸ்.க்யூ.எல். எழுதுகிறார்களா, திரையில் பார்த்துவிட்டு வருகிறார்களா? இறுதியாண்டு புராஜெக்ட் உண்மையான ஒரு தொழிலில் நடக்கிறதா? சென்ற ஆண்டு புராஜெக்ட் அறிக்கை ஒன்றைக் காட்டுங்கள் என்று தயங்காமல் கேளுங்கள். பி.பி.ஏ. என்றால் 2024-25 கல்வியாண்டு முதல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) அனுமதி தேவை, கல்லூரி அதை வாங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். கூடுதல் கட்டணம் கட்டுவது பெயருக்காக இருக்கக் கூடாது. நல்ல ஆசிரியர்கள் இருக்கும் கல்லூரியில் சாதாரண பி.காம். படித்துக்கொண்டே, அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் கிடைக்கும் பயிற்சிகளைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளை, வெறும் பெயர்ப்பலகையை நம்பிச் சேர்ந்த பிள்ளையைவிட முன்னே போய்விடும்.

சென்னை ஐ.ஐ.டி. இணையவழியில் நடத்தும் பி.எஸ். டேட்டா சயின்ஸ் பட்டத்தையும் பலர் விசாரிக்கிறீர்கள். 2021இல் வகுப்புகள் தொடங்கின. பிளஸ் டூவில் எந்தக் குரூப்பும் ஆகலாம். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். ஜே.இ.இ. இல்லாமல், நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுதிச் சேரலாம். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு. வேறொரு கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிக்கிறவர்கள் நிறையப் பேர். அதில் எனக்கு மிகப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. தொழில்சார்ந்த டேட்டா பாடத்தின் புராஜெக்டுக்கு மாணவர் நிஜமான ஒரு கடையையோ நிறுவனத்தையோ நேரில் அணுகி, உரிமையாளரிடம் பேசி, தரவு வாங்கி வர வேண்டும். இணையத்தில் கிடைப்பதை இறக்கிக் காட்டினால் போதாது.

தொழில் செய்யும் வாசகர்களிடம் என் வேண்டுகோள் இங்கிருந்துதான் தொடங்குகிறது. அரிசி மண்டி, மருந்துக் கடை, லேத் பட்டறை, மாவு மில், எதுவாக இருந்தாலும் சரி. புராஜெக்ட் கடிதத்தோடு ஒரு பிள்ளை வந்து நின்றால் “அதெல்லாம் முடியாதும்மா” என்று அனுப்பிவிடாதீர்கள். கணக்கை வெளியாளிடம் காட்டுவதில் உங்களுக்கு இருக்கும் தயக்கம் புரிகிறது. லாபத்தைக் காட்ட வேண்டாம். எந்தச் சரக்கு எந்த நாளில் எவ்வளவு போனது என்ற விவரமே அவர்களுக்குப் போதும். வாடிக்கையாளரின் பெயரையும் போன் எண்ணையும் நீக்கிவிட்டுக் கொடுங்கள். தனிநபர் தரவைப் பாதுகாக்க 2023இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியிருக்கிறது. தரவைக் காக்கும் அந்தப் பழக்கம் பிள்ளைகளுக்கும் இப்போதே வரட்டும்.

கணக்கைக் கொடுத்ததும் ஏ.சி. அறையில் உட்கார வைத்துவிடாதீர்கள். சரக்கு இறக்கும் இடத்திலும், பில் போடும் கவுண்டரிலும், பழுது பார்க்கும் மூலையிலும் நிற்க விடுங்கள். உங்கள் ஆட்களிடம், “இந்தத் தம்பி கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள், இதனால் யார் சம்பளத்திலும் கை வைக்க மாட்டேன்” என்று அவர்கள் முன்னிலையிலேயே சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாவிட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். முடிந்தால் பஸ் செலவும் மதியச் சாப்பாடும் கொடுங்கள். டிசம்பரிலும் மே மாதத்திலும் கல்லூரிகள் பிள்ளைகளை வெளியே அனுப்பும். இடம் தர விரும்புகிறவர்கள் ஊர், தொழில், எத்தனை பேரைச் சேர்த்துக்கொள்ள முடியும் என்ற விவரங்களோடு நமக்கு எழுதுங்கள். அடுத்த இதழிலிருந்து மாவட்ட வாரியாக வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்