எட்டில் நடுங்கிய ஊசி

ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை வந்தால் டெட்ராய்ட்டின் வுட்வர்ட் சாலையில் பழைய கார்களுக்குத் தேர்த் திருவிழா. 1995 முதல் நடக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுவதாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர்க்காரத் தம்பி ஒருவனின் கராஜுக்குப் போய்வந்த பிறகு வேறெதிலும் மனம் ஒட்டவில்லை.

தம்பி இரண்டு குளிர்காலமாக ஒரு 1970 ஷெவெல் காருக்கு உயிர்கொடுத்துக்கொண்டிருக்கிறான். என்ஜின் 454 கன அங்குலம். நம் கணக்கில் 7,400 சி.சி.க்கு மேல். எட்டு சிலிண்டரில் ஒன்று மட்டுமே 930 சி.சி. ஒரு குடும்பமே ஏறிப்போன மாருதி 800-இன் முழு என்ஜினும் 796-தான்.

சாவியைத் திருப்பினான். என்ஜின் குதிரை போலத் துள்ளித் துள்ளி ஓடியது. “சத்தம் எப்பிடிங்கண்ணா?” முகமெல்லாம் பூரிப்பு. நான் வாக்குவம் மீட்டரை மாட்டிப் பார்த்தேன். ஊசி 8 அங்குலத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. பிரேக் பெடல் கருங்கல்லாக இருந்தது. பிரேக் பூஸ்டர் வேலை செய்வதே அந்த வாக்குவத்தில்தான். 15 அங்குலமாவது வேண்டும்.

“என்ன கேம் போட்டிருக்கே?”

“இருந்ததுலயே பெருசுங்கண்ணா. 250 டிகிரி.”

வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு தள்ளி, லிஃப்டர் 0.050 அங்குலம் ஏறியது முதல் மறுபடி அந்த அளவுக்கு இறங்கும்வரை கிராங்க் எத்தனை டிகிரி சுழல்கிறது என்பதுதான் அந்த எண். பெரிய என்ஜின் பெரிய கேமைத் தாங்கும் என்பது உண்மைதான். 350 கன அங்குல என்ஜினில் முரண்டு பிடிக்கும் கேம் 454-இல் சாதுவாகிவிடும். நிரப்ப வேண்டிய சிலிண்டர் பெரிது. ஆனால் தம்பியின் என்ஜின் 1970-களின் பிக்கப் வண்டியிலிருந்து எடுத்தது. கம்ப்ரஷன் 8.5-க்கு 1. அதே 454, 1970 ஷெவெலில் எல்.எஸ்.6 என்ற பெயரில் வந்தபோது 11.25-க்கு 1. நீண்ட கேமில் இன்டேக் வால்வு தாமதமாக மூடும். பிஸ்டன் மேலேறத் தொடங்கியும் வால்வு திறந்தே இருப்பதால், குறைந்த வேகத்தில் உள்ளே வந்த கலவை வந்த வழியே திரும்பிப்போகிறது. இருக்கிற கொஞ்சம் கம்ப்ரஷனும் போய்விடுகிறது.

அந்தச் சத்தத்தைப் பற்றி எனக்குத் தீராத வருத்தம் உண்டு. இரண்டு வால்வுகளும் சேர்ந்தாற்போல் திறந்திருக்கும் நேரத்தில் எரிந்த புகை இன்டேக்குக்குள் நுழைந்து அடுத்த கலவையைக் கெடுக்கிறது. ஒரு சிலிண்டர் எரிகிறது, ஒன்று அரைகுறையாக எரிகிறது. அந்தத் தடுமாற்றத்தைத்தான் வீரம் என்று நினைத்துக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். பந்தயத்தில் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடுகிறவனுக்கு அது தவிர்க்க முடியாத விலை. சாலையில் போகிறவன் எதற்காகக் கொடுக்க வேண்டும்? தம்பியின் பின் ஆக்ஸில் 3.08. மணிக்கு 100 கிலோமீட்டரில் என்ஜின் 2,400 சுற்றுதான் சுற்றும். அந்தக் கேம் கண் விழிப்பதே 3,000-க்கு மேல்.

டேவிட் விசார்ட் எழுதிய கேம் புத்தகத்தை அவனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். என் பிரதியில் கிரீஸ் படியாத பக்கம் குறைவு. எல்லோரும் டிகிரியில் தொடங்குவார்கள். விசார்ட், கேமின் இன்டேக் லோபுக்கும் எக்ஸாஸ்ட் லோபுக்கும் இடையிலுள்ள கோணத்தில் தொடங்குகிறார். அதை முடிவுசெய்வது சிலிண்டரின் கொள்ளளவும் இன்டேக் வால்வின் விட்டமும். அடுத்து, வண்டியின் உபயோகத்துக்கு ஏற்ப இரு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அளவு. இவ்விரண்டும் தெரிந்தால் டிகிரி தானாக வந்துவிடுகிறது. இவ்வளவு எளிமையான வழி கையில் இருக்கும்போது காதை நம்பி வாங்குவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

கேம் வாங்கப் போகிறவர்கள் வண்டியின் எடை, ஆக்ஸில் விகிதம், கம்ப்ரஷன், டார்க் கன்வர்ட்டர், பிரேக் பூஸ்டர் உண்டா இல்லையா, எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லுங்கள். இரண்டு அளவுக்கு நடுவில் தயங்கினால் சின்னதை எடுங்கள்.

புதன் இரவு தம்பி போன் செய்தான். வரும் சனிக்கிழமை ரேடியேட்டரையும் இன்டேக் மேனிஃபோல்டையும் கழற்றுகிறோம். புதுக் கேம் 218 டிகிரி. லிஃப்டர் பதினாறும் புதிது.