வேலியும் வெளியும்

அழகுக்கு உவமை தேடும் புலவர் மலரையும் மானையும் ஒருங்கே எடுத்தாளுவர். அருகிவரும் உயிர்களைக் காக்க விரும்புவோர் அவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுதல் ஆகாது. இதற்குப் பிறநாட்டுச் சான்றுகள் இரண்டினை ஈண்டுக் காட்டுவாம்.

இங்கிலாந்தின் வடபகுதியிலே, சுண்ணக்கல் நிலங்களில், 'சீமாட்டியின் செருப்பு' எனப்படும் ஓர்க்கிட் முன்னாளிற் பூத்தது. கருஞ்சிவப்பு இதழ்களின் நடுவே மஞ்சட்பை ஒன்று பாதணிபோல் அமைந்திருக்கும். அவ்வழகே அதற்குப் பகையாயிற்று. மலர் விரும்பிகள் அதனை வேரொடும் அகழ்ந்து சென்றனர். 1917ஆம் ஆண்டில் அஃது அந்நாட்டில் அழிந்ததென்றே அறிவிக்கப்பட்டது. 1930இல் யோர்க்ஷயரில் ஒரேயொரு செடி காணப்பட்டது. அதன் இருப்பிடத்தை மறைத்துக் காவலும் வைத்தனர். தூள்போன்ற அதன் வித்து, உணவு சேமித்திராதது. மண்ணிலுள்ள பூஞ்சணத்தின் துணையின்றி இயற்கையில் முளையாது. கியூ தாவரவியற் பூங்காவினர் அதனை ஆய்வுகூடத்தில் முளைப்பித்து நாற்றுக்களை நட்டனர். 2000ஆம் ஆண்டில் அவற்றுள் ஒன்று பூத்தது. அச்செடிக்கு இடமே உயிர்.

மங்கோலியப் புல்வெளியில் வாழும் சிறுமானின் இயல்போ வேறு. அது பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட தொகையினது. எங்கே மழை பெய்யும், எங்கே புல் தளிர்க்கும் என்பது ஆண்டுதோறும் மாறுதலின், அதற்கு நிலைத்த இடமும் இல்லை. நிலைத்த வழியும் இல்லை. 1956ஆம் ஆண்டில் அந்நாட்டினூடே சீனம்வரை புகைவண்டி ஓடத் தொடங்கியது. கால்நடைகள் தண்டவாளத்திற் புகாதிருத்தற்பொருட்டு இருமருங்கும் முட்கம்பி வேலி இட்டனர். கொடும்பனிக் காலத்தில் மேய்ச்சல் நாடிவரும் மான்கள் அதிற் சிக்கி மடிகின்றன. அப்பாற் புல்லிருக்க இப்பாற் பட்டினி கிடக்கின்றன.

ஆகவே, ஒன்றைக் காக்கும் தடையே மற்றொன்றைக் கொல்கின்றது. மானுக்கென ஒரு சிறு நிலத்தை வரைந்து கொடுத்துக் கடமை முடிந்ததென அமைதலும் பயன்படாது. அடுத்த ஆண்டிலே புல் வேறிடத்தில் இருக்கும்.

வேலியிடுதல் எளிது, இட்டவர் செய்த பணி கண்ணுக்கும் தோன்றும். வழிவிடுதலோ அரிது. அதற்கு அரசினரும், இருப்புப்பாதையினரும், ஆயரும் உடன்படல் வேண்டும். அண்மைக் காலத்தில் அவ்வேலியின் சில பகுதிகளை அகற்றிப் பார்த்துள்ளனர். அம்முயற்சி பாராட்டற்குரியது, விரிவடைய வேண்டுவது.

காக்கப் புகுவோர் கம்பியையும் கம்பத்தையும் எடுக்குமுன் ஒரு வினாவை எழுப்புவாராக: இவ்வுயிர் நின்று வாழ்வதோ, நடந்து வாழ்வதோ?