வீட்டுக் கைவேலை: ஒழுகும் தொட்டியும் ஒழுகாத தொட்டியும்



சென்ற இதழில் மின்விசிறியின் கண்டென்சரை மாற்றும் முறையை எழுதியிருந்தேன். இம்முறை கழிவறையின் ஃபிளஷ் தொட்டியை எடுத்துக்கொள்கிறேன். சிலர் முகம் சுளிக்கக்கூடும். "அந்த வேலைக்கு நாம் கை வைப்பதா?" என்று என் தகப்பனாரே கேட்டார். தொட்டிக்குள் இருப்பது சமையலறைக் குழாயில் வரும் அதே தண்ணீர்தான், பீங்கானில் விழும்வரை அதில் யாதொரு அசுத்தமும் இல்லை என்று எடுத்துச் சொல்லிய பின்னரே வேலையைத் தொடங்கினேன். எனினும் இதை எழுதக் காரணம் வேறு. என் அறியாமையால் பிறர்மேல் பழி சுமத்திய கதையொன்று இதனுள் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு வாஷரையும் திருகையும் மட்டும் எழுதுவது முறையன்று.

கஞ்சிக்கோட்டில் குடியிருப்போருக்குச் சித்திரை மாதத்துத் தண்ணீர்ப் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. மலம்புழை அணை 1955-இல் கட்டி முடிந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், கணவாய்க் காற்று வீசும் இக்கிழக்குப் பக்கத்தில் நம் லைன் வீடுகளுக்கு ஆழ்குழாய்க் கிணறே கதி. நம்மிடமிருந்து தொலைவில் இல்லாத பிளாச்சிமடையில் கிணறுகள் கெட்டுப்போயினவென்று மக்கள் 2002 முதல் போராடியதும், 2004-இல் அங்கிருந்த குளிர்பான ஆலை நின்றதும் பலருக்கு நினைவிருக்கும்.

நாங்கள் இருப்பது நான்கு வீடுகள் கொண்ட ஒரு வரிசை. நால்வருக்கும் பொதுவாக மாடியில் 1,000 லிட்டர்த் தொட்டி. இவ்வாண்டு சித்திரையில் அது உச்சிப்பொழுதுக்குள் வற்றத் தொடங்கிற்று. கடைசி வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்த இரும்பாலைத் தொழிலாளர் அறுவர் தங்கியிருந்தனர். ஷிப்டு முடிந்து வருவார்கள், குளிப்பார்கள், துணி துவைப்பார்கள். தண்ணீரெல்லாம் அங்கேதான் போகிறதென்று வீட்டுக்காரரிடம் சொன்னவன் நானே. அவர் மேட மாதக் கடைசிக்குள் காலி செய்யுமாறு அவர்களிடம் கூறிவிட்டார்.

ஓர் இரவு டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தபோது என் மனைவி, "என்னங்க, நம்ம டேங்க்கையும் ஒரு தடவை பார்த்துடலாமே" என்றாள். ஃபிளஷ் தொட்டியின் மூடியைத் திறந்து இரண்டு கரண்டி மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றினாள். பொத்தானை யாரும் தொடவில்லை. கால் மணி நேரத்தில் பீங்கானின் பின்சுவரில் மஞ்சள் கோடு ஒன்று இறங்கி வந்தது. ஓசையே இல்லை.

குமாஸ்தா புத்தி கணக்குப் பார்க்கச் சொல்லிற்று. ஆங்கிள் காக்கை மூடி, நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்து, அரை மணி கழித்து அக்கோடு வரை அளந்து ஊற்றினேன். 5 லிட்டர் பிடித்தது. மணிக்கு 10 என்றால் நாளொன்றுக்கு 240 லிட்டர். பொதுத்தொட்டியில் ஏறத்தாழக் கால் பங்கு எங்கள் வீட்டுப் பீங்கான் வழியே இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

இதில் இன்னொரு வெட்கமும் உண்டு. இரண்டாண்டுகளுக்கு முன்புவரை எங்களிடம் பக்கவாட்டில் கைப்பிடியுள்ள பழைய சைபன் தொட்டி இருந்தது. கைப்பிடியை நான்கைந்து முறை அடித்தால்தான் தண்ணீர் இறங்கும் நிலை வரவே, "இது பழைய காலத்துச் சரக்கு" என்று பிளம்பர் சொல்ல, மேலே பொத்தான் உள்ள வால்வுத் தொட்டியை வாங்கி மாட்டினேன். புதியதில் அடிப்பக்கத் துவாரத்தை ஒரு ரப்பர் வளையம் அடைத்துக்கொண்டிருக்கும். ஆழ்குழாய் நீரின் சுண்ணாம்பு அவ்வளையத்தில் படிந்தது. பிறகு அது எப்படிப் பொருந்தி உட்காரும்?

சைபன் தொட்டியில் அடியில் அடைப்பான் என்பதே கிடையாது. பீப்பாயில் குழாயை விட்டு வாயால் ஒருமுறை உறிஞ்சிவிட்டால் மண்ணெண்ணெய் தானே வழியுமல்லவா? அதே தத்துவம். தலைகீழாக வளைந்த குழாயொன்று தொட்டிக்குள் நிற்கிறது. அதன் வளைவு நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறது. கைப்பிடியை அழுத்தினால் உள்ளே ஒரு தட்டு எழும்பித் தண்ணீரை வளைவுக்கு அப்பால் தள்ளும். பின்பு தொட்டி வற்றிக் காற்றுப் புகும்வரை நீர் தானே இழுத்துக்கொண்டு போகும். யாரும் தள்ளாமல் வளைவைத் தாண்டுவதற்கு வழியில்லை. மிதவைப் பந்து கெட்டு நீர் மிஞ்சினாலும் வழிகுழாய் வழியே வெளியில் கொட்டும். கெட்டால் ஊரறியக் கெடும் என்பதே அதன் நற்குணம்.

இங்கிலாந்தில் ஜோசப் ஆடம்சன் என்பார் 1853-இல் இத்தகைய சைபன் தொட்டிக்குக் காப்புரிமை பெற்றார். 'நீர் வீணாவதைத் தடுக்கும் கருவி' என்றே அங்கு இத்தொட்டிகளுக்குப் பெயர் வழங்கிற்று. வால்வுத் தொட்டிகளை அந்நாடு 2001 வரை வீடுகளில் அனுமதிக்கவில்லை. அனுமதித்தபின் என்னவாயிற்று? கழிவறைத் தொட்டிகளில் மட்டும் நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர் ஒழுகுவதாக வாட்டர்வைஸ் என்னும் அமைப்பு 2020-இல் மதிப்பிட்டது.

நல்லவேளையாகப் பழைய தொட்டியை எறியாமல் பரணில் போட்டு வைத்திருந்தேன். பிரித்தபோதுதான் அதன் நோய் தெரிந்தது. எழும்பும் தட்டில் ஓட்டைகள் உண்டு. அவற்றின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று படிந்திருக்கும். அத்தாள் கிழிந்துவிட்டால், தட்டு எழும்பும்போது தண்ணீர் ஓட்டைகள் வழியே கீழே விழுந்துவிடும், மேலே ஏறாது. உள்ளங்கையளவு தாளுக்காக ஒரு முழுத் தொட்டியை மாற்றியிருக்கிறேன்!

உங்கள் வீட்டுத் தொட்டிக்கும் இந்நோய் வந்தால் செய்ய வேண்டியது இதுதான். ஆங்கிள் காக்கை மூடித் தொட்டியைக் காலி செய்யுங்கள். மிச்ச நீரைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். தொட்டிக்கு அடியில் ஃபிளஷ் குழாயின் நட்டையும், அதற்கு மேலுள்ள பெரிய நட்டையும் கழற்றுங்கள். அடியில் ஒரு வாளி இருக்கட்டும். கைப்பிடியிலிருந்து தொங்கும் கொக்கியை விடுவித்தால் சைபன் முழுதும் வெளியே வந்துவிடும். தட்டை உருவி, பழைய தாளைக் கெட்டியான பிளாஸ்டிக் தாளின்மேல் வைத்து வரைந்து வெட்டுங்கள். புதிய தாள் ஓட்டைகளை முழுதும் மூட வேண்டும், ஆனால் உருளையின் சுவரில் உரசக்கூடாது. நான் முதலில் வெட்டியது ஒரு நூல் பெரிதாகிப்போய்த் தட்டு பாதியிலேயே சிக்கிக்கொண்டது. திரும்ப மாட்டுகையில் ரப்பர் வாஷரைத் துடைத்து வையுங்கள். நட்டைக் கையால் இறுக்கியபின் ஸ்பானரால் கால் சுற்றுப் போதும். மேலும் முறுக்கினால் பிளாஸ்டிக் விரிசல் கண்டுவிடும். நீர்மட்டம் வழிகுழாய்க்கு ஓர் அங்குலம் கீழே நிற்குமாறு மிதவையைச் சரிசெய்யுங்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சைபன் தொட்டி ஒவ்வொரு முறையும் 10 லிட்டரைக் கொட்டிவிடும். இரு பொத்தான் தொட்டி 3 லிட்டரிலும் 6 லிட்டரிலும் காரியத்தை முடிக்கும். மாதம் ஒருமுறை மஞ்சள் கரைத்துப் பார்க்கும் பொறுமை உள்ளவர்களுக்கு அதுவே சிக்கனம். எனக்கு அப்பொறுமை இல்லை. ஆகவே பழையதையே மாட்டி, அசையும் உறுப்புகளில் படாதபடி மூலையில் நீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலை மூடி நிறுத்திவைத்தேன்.

மறுநாள் வீட்டுக்காரரிடம் சென்று உண்மையைச் சொன்னேன். அவர் காலி செய்யச் சொன்னதை விலக்கிக்கொண்டார். பிறகு கடைசி வீட்டுக்குப் போனேன். அறுவரில் இருவர் அதற்குள் வேறிடம் பார்த்துச் சென்றுவிட்டிருந்தனர். மிஞ்சியவருள் மூத்தவரிடம் என் தவற்றைக் கூறியபோது, "குழப்பமில்லா சேட்டா" என்று மலையாளத்தில் சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எனக்கு உட்காரக் கூச்சமாக இருந்தது.

அவர்கள் வீட்டுத் தொட்டியும் பழைய சைபனே. கைப்பிடியை மூன்று முறை அடிக்க வேண்டியிருக்கிறதாம். என்னிடம் இன்னும் அரை முழம் பிளாஸ்டிக் தாள் மீதி இருக்கிறது. வரும் ஞாயிறு காலை ஓய்வு நாள், எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.