கதவுக்குப் பின்னால் ஒரு ரஷ்யன்

கோதம் நகரின் பாதாள சாக்கடை. முகமூடி அணிந்த ரஷ்ய உளவாளி ஒருவன் ஓர் அறைக்குள் காத்து நிற்கிறான். கடைசியாக ஒரு முறை நேருக்கு நேர் மோதிப் பார்த்துவிடலாம் என்று கைகால்களை முறுக்கிக்கொண்டு நிற்கிறான். வாசலில் பேட்மேன். நான்கு இதழ்களாக வாசகன் எதிர்பார்த்திருந்த சண்டை இதுதான். ஆனால் சண்டை நடக்கவில்லை. பேட்மேன் கதவைச் சாத்துகிறார். திறக்க முடியாதபடி அடைக்கிறார். திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுகிறார். உள்ளே இருப்பவன் பட்டினியால் சாகலாம், மூச்சு முட்டியும் சாகலாம். அது அவன் கவலை.

யாரையும் கொல்வதில்லை என்பது பேட்மேனின் விரதம். எத்தனையோ பேரைக் கொன்ற ஜோக்கரைக்கூட ஒவ்வொரு முறையும் பிடித்து மனநலக் காப்பகத்தில் ஒப்படைப்பவர் அவர். அந்த விரதம் 1988ல் ஒரு ரஷ்யனின் விஷயத்தில் மட்டும் எப்படித் தளர்ந்தது?

‘பேட்மேன்’ காமிக்ஸின் 417 முதல் 420 வரையிலான இதழ்களில் வந்த அந்தக் கதையின் பெயர் ‘மிருகத்தின் பத்து இரவுகள்’. எழுதியவர் ஜிம் ஸ்டார்லின். படம் வரைந்தவர் ஜிம் அபரோ. வில்லனுக்கு அனதோலி க்னியாசெவ் என்று ஒரு பெயர் உண்டு என்றாலும் உலகம் அவனை அறிந்தது ‘கேஜிபீஸ்ட்’ என்ற பெயரில்தான். சோவியத் உளவுத் துறையான கே.ஜி.பி.யின் கடைசி எழுத்தில் மிருகம் என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லான ‘பீஸ்ட்’டை ஒட்டவைத்த சிலேடை அது. ஒரு அரசு நிறுவனமும் ஒரு விலங்கும் ஒரே சொல்லாகிவிட்டன. மொழிபெயர்ப்பாளரைத் திணறவைக்கும் பெயர். ஆனால் கதையின் அரசியல் முழுவதும் அந்த ஒட்டுச் சொல்லிலேயே இருக்கிறது.

கதை எளிமையானது. அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன் 1983 மார்ச் 23ம் தேதி அறிவித்த ஏவுகணைத் தடுப்புத் திட்டத்துக்குப் பத்திரிகைகள் ‘நட்சத்திரப் போர்’ என்று சினிமாப் பெயர் சூட்டியிருந்தன. அந்தத் திட்டத்தை முடக்கப் பத்துப் பேரைக் கொல்ல வேண்டும். பத்தாவது நபர் ரீகனேதான். கே.ஜி.பி.க்குள் இயங்கும் ‘சுத்தியல்’ என்ற ரகசியக் குழுவின் ஜெனரல் ஒருவர், மாஸ்கோவின் ஒப்புதல் இல்லாமலேயே க்னியாசெவை ஏவிவிடுகிறார்.

அவனுடைய இரக்கமின்மைக்கு அளவே இல்லை. ஒருவரைத் தீர்த்துக்கட்ட ஒரு விருந்தின் சாப்பாட்டிலேயே விஷத்தைக் கலக்கிறான். கூட இருந்து சாப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்பது அவனுக்குப் பொருட்டில்லை. சண்டை ஒன்றில் பேட்மேன் வீசிய கயிறு அவன் மணிக்கட்டில் இறுகிவிடுகிறது. அறுக்க முடியாத கயிறு. அவன் ஒரு நொடிதான் யோசிக்கிறான். பக்கத்தில் கிடந்த கோடரியை எடுத்துத் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு தப்புகிறான். பிறகு அந்த இடத்தில் ஒரு துப்பாக்கியைப் பொருத்திக்கொண்டு திரும்பி வருகிறான். அந்தக் காலத்து வாசகர்கள் இன்றும் மறக்காத காட்சி இது.

இவ்வளவு செய்பவனுக்குக் கதையில் கிடைக்காத ஒன்று உண்டு. அவனுக்கு ஊர் இல்லை, தாய் இல்லை, பாட்டு இல்லை, பயம் இல்லை. வேலை ஒன்றைத் தவிர வேறெதுவும் கிடையாது. ஜோக்கருக்குப் பைத்தியம் என்ற விலாசமாவது உண்டு. இவனுக்கு நாடு மட்டுமே விலாசம். அவனைப் பிடித்துக் கொடுத்தால் விசாரணை, ராஜதந்திரம், கைதிப் பரிமாற்றம் என்று ஏதாவது ஒரு வழியில் வெளியே வந்துவிடுவான் என்ற எண்ணம் கதையில் ஓடுகிறது. எனவே கதவு சாத்தப்படுகிறது. மனிதனாகக் காட்டப்படாத ஒருவனை அறையில் அடைத்துவிட்டு வர வாசகனின் அனுமதி சுலபமாகக் கிடைத்துவிடுகிறது.

சற்றே வேடிக்கையானது கதை வெளிவந்த நேரம். அட்டைகளில் இருந்த தேதி 1988 மார்ச் முதல் ஜூன் வரை. அதற்குச் சில மாதங்கள் முன்புதான், 1987 டிசம்பர் 8ம் தேதி, ரீகனும் சோவியத் தலைவர் மிகையில் கோர்பசேவும் நடுத்தர தூர அணு ஏவுகணைகளை ஒழிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். 1988 மே 31ம் தேதி இருவரும் மாஸ்கோவின் செஞ்சதுக்கத்தில் சேர்ந்து உலாவினார்கள். சோவியத் நாட்டைத் ‘தீய சாம்ராஜ்யம்’ என்று முன்பு வர்ணித்தவரிடம், இன்னும் அப்படித்தான் நினைக்கிறீர்களா என்று செய்தியாளர்கள் கேட்டார்கள். இல்லை, அது வேறொரு காலம் என்றார் ரீகன். காமிக்ஸில் ரஷ்யக் கொலையாளி குறிவைத்த மனிதர், நிஜத்தில் ரஷ்யர்களுக்கு நடுவே பத்திரமாகக் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்.

அந்த ஆண்டுகளில் உளவு உலகில் மெய்யான ரத்தம் சிந்தப்படாமல் இல்லை. ஆனால் அது காமிக்ஸ் காட்டிய திசையிலிருந்து வரவில்லை. ஆல்ட்ரிச் ஏம்ஸ், அமெரிக்காவின் சி.ஐ.ஏ. அதிகாரி. கோட் சூட் அணிந்து அலுவலகம் போய் வந்தவர். 1985ல் அவர் தாமாகவே முன்வந்து, அமெரிக்காவுக்கு ரகசியம் தந்துகொண்டிருந்த சோவியத் நாட்டவரின் பெயர்களை கே.ஜி.பி.யிடம் விற்றார். அவர்களில் குறைந்தது பத்துப் பேர் மரண தண்டனைக்கு ஆளானார்கள். கதையிலும் பத்துப் பேர், நிஜத்திலும் பத்துப் பேர். நிஜத்தில் கோடரி இல்லை, முகமூடி இல்லை. பணத்தை வங்கியில் போட்டார், ரொக்கம் கொடுத்து வீடு வாங்கினார். 1994 பிப்ரவரியில் கைதாகும்வரை ஒன்பது ஆண்டுகள் பக்கத்து மேஜைக்காரர்கள் அவரைக் கண்டுபிடிக்கவில்லை. மிருகத்தைத் தேடிப் பழகிய கண்களுக்கு மேஜைக்குப் பின்னால் இருந்த மனிதர் தென்படவில்லை.

அதற்காக ரஷ்ய உளவுத் துறை சாதுவான அமைப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2006ல் லண்டனில் முன்னாள் ரஷ்ய உளவு அதிகாரி அலெக்சாந்தர் லித்வினென்கோ கதிர்வீச்சு விஷம் கலந்த தேநீரால் இறந்தார். 2018 மார்ச்சில் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் இன்னொரு முன்னாள் அதிகாரியும் அவருடைய மகளும் நரம்பு விஷத்துக்கு இலக்கானார்கள். அவர்கள் பிழைத்தார்கள். அந்த விஷம் இருந்த புட்டி எப்படியோ கைக்கு வந்துசேர்ந்த, இதில் எந்தச் சம்பந்தமும் இல்லாத உள்ளூர்ப் பெண் ஒருவர் சில மாதங்கள் கழித்து இறந்தார். இதைச் செய்ததாக பிரிட்டிஷ் போலீஸ் குற்றம் சாட்டியவர்களின் படங்கள் வெளிவந்தபோது, சுற்றுலாப் பயணிகள் போன்ற சாதாரண முகங்களே அதில் இருந்தன. நிஜக் கொடூரம் காமிக்ஸ் கொடூரத்தைவிடச் சிறியது அல்ல. ஆனால் அதற்கு மனித முகம் இருக்கிறது. அதனால்தான் அதை விசாரிக்கவும் முடிகிறது.

1991 டிசம்பரில் கே.ஜி.பி. கலைக்கப்பட்டது. அந்த மாதமே சோவியத் நாடும் இல்லாமல் போனது. மிருகத்தின் பெயரில் பாதி காலாவதியானது. அதற்கு முன்பே, 1990ல், அவனுடைய சீடன் என்று ‘என்கேவிடீமன்’ என்பவனைக் கொண்டுவந்திருந்தார்கள். ஸ்டாலின் காலத்து ரகசியப் போலீஸான என்.கே.வி.டி.யின் வாலில் பேயைக் குறிக்கும் ‘டீமன்’ என்ற சொல்லை முடிந்துவைத்தார்கள். நிகழ்காலத்தில் எதிரி கிடைக்காதபோது ஐம்பது ஆண்டுகள் பின்னால் போய்த் தேட வேண்டியிருந்தது. க்னியாசெவோ பிறகு வந்த கதைகளில் படிப்படியாகத் தேய்ந்து, மற்ற வில்லன்களுக்கு அடியாளாக வேலை பார்த்தான். எஜமானன் இல்லாத வேட்டை நாயின் கதி.

ஆனால் எதிரியின் நாற்காலி காலியாகவே இருந்துவிடவில்லை. ‘பத்து இரவுகள்’ கதையிலேயே மிருகத்துக்குத் துணையாக வருபவன் ஈரானைச் சேர்ந்த ஒரு மனித வெடிகுண்டு. அதே ஸ்டார்லின் சில மாதங்கள் கழித்து எழுதிய இன்னொரு புகழ்பெற்ற கதையில் ஜோக்கர் ஐ.நா.வுக்கான ஈரானியத் தூதராகவே நியமிக்கப்படுகிறான். செய்தித்தாளின் முதல் பக்கம் மாறும்போது வில்லனின் பாஸ்போர்ட்டும் மாறுகிறது.

இந்தியாவில் இதே ஆண்டுகளில் ரஷ்யன் என்றால் வேறொரு மனிதன். மாஸ்கோவிலேயே தமிழில் மொழிபெயர்த்து அச்சிட்ட புத்தகங்கள் கப்பலேறி வந்தன. நியூ செஞ்சுரி புத்தகக் கடைகளில் சில ரூபாய்க்குக் கெட்டி அட்டைப் புத்தகம் கிடைத்தது. தாய்க்கும் கிழவனுக்கும் பனிக்காட்டுக்கும் நடுவே வளர்ந்த ரஷ்யர்களை அந்தப் பக்கங்களில் சந்தித்த வாசகர்கள் இங்கே ஏராளம். அந்தப் புத்தகங்களும் ஒரு அரசாங்கத்தின் செலவில் வந்தவைதான். ரகசியப் போலீஸின் கதவுகளை அவை காட்டியதில்லை. ஒரு பக்கம் மிருகம், மறுபக்கம் தேவதை. இரண்டுக்கும் நடுவே எங்கோ ரொட்டிக்கு வரிசையில் நின்றார்கள் நிஜ ரஷ்யர்கள்.

அமெரிக்கக் காமிக்ஸே ரஷ்யர்களுக்கு வேறு வழியும் காட்டியிருக்கிறது. மார்வெல் நிறுவனத்தின் ‘பிளாக் விடோ’ 1964ல் அறிமுகமானபோது அயர்ன் மேனுக்கு எதிராக அனுப்பப்பட்ட சோவியத் உளவாளி. இரண்டொரு ஆண்டுகளில் அவள் மனம் மாறத் தொடங்கினாள். பிறகு அவெஞ்சர்ஸ் கூட்டத்தில் சேர்ந்தாள். இன்று குழந்தைகள் அவளுடைய பொம்மையை வைத்து விளையாடுகிறார்கள். 1975ல் வந்த ‘கொலோசஸ்’ சைபீரியக் கூட்டுப்பண்ணையில் உழுதுகொண்டிருந்த பையன். 2005ல் எட் புரூபேக்கரும் ஸ்டீவ் எப்டிங்கும் இன்னும் துணிச்சலாக ஒன்று செய்தார்கள். ‘விண்டர் சோல்ஜர்’ என்ற இரக்கமற்ற சோவியத் கொலையாளி. இவனுக்கும் ஒரு கை கிடையாது. அந்த இடத்தில் சிவப்பு நட்சத்திரம் பொறித்த உலோகக் கை. முகமூடியை விலக்கினால் உள்ளே இருப்பவன் கேப்டன் அமெரிக்காவின் பழைய தோழன் பக்கி. இரண்டாம் உலகப் போரில் இறந்துவிட்டதாக நினைத்த அமெரிக்கப் பையன். கேப்டன் அமெரிக்கா அவனை அறையில் அடைக்கவில்லை. பெயர் சொல்லி அழைத்தார்.

கேஜிபீஸ்ட்டை அப்படி அழைக்க ஆளில்லை. சாத்திய கதவு ஆசிரியர்களையும் உறுத்தியிருக்க வேண்டும். 1989ல் வந்த ஒரு கதையில் மார்வ் வுல்ஃப்மேன், பேட்மேன் பிறகு போலீஸுக்குத் தகவல் சொல்லிவிட்டதாக ஒரு விளக்கம் சேர்த்தார். பேட்மேனின் விரதம் காகிதத்தில் காப்பாற்றப்பட்டது.

முப்பது ஆண்டுகள் கழித்து, 2018ல், மிருகம் திரும்பி வந்தான். இந்த முறை எழுதியவர் டாம் கிங். காமிக்ஸுக்கு வருமுன் சி.ஐ.ஏ.வில் பணியாற்றியவர். ‘பேட்மேன்’ புதிய வரிசையின் 55வது இதழில், மொட்டை மாடி ஒன்றில் பேட்மேனுடன் நிற்கிறான் முதல் ராபினான டிக் கிரேசன். கேஜிபீஸ்ட் தொலைவிலிருந்து அவன் தலையில் சுடுகிறான். டிக் பிழைக்கிறான், ஆனால் நினைவுகளை இழக்கிறான். 57வது இதழில் பேட்மேன் ரஷ்யாவின் பனிக்காட்டுக்குள் கொலையாளியைத் துரத்திப் போகிறார். இருவரும் ரத்தம் சொட்டச் சண்டை போடுகிறார்கள். கடைசியில் க்னியாசெவின் கழுத்து முறிகிறது. அசைய முடியாமல் பனியில் கிடப்பவன் உதவி கேட்கிறான். காப்பாற்றினால் தன்னை ஏவியது யார் என்று சொல்வதாக பேரம் பேசுகிறான். அது தமக்கே தெரியும் என்கிறார் பேட்மேன். பிறகு நடந்துவிடுகிறார்.

1988ல் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதை வாசகனுக்குக் காட்டவில்லை. 2018ல் கதவே இல்லை. விழுந்து கிடப்பவனின் முகம் தெரிகிறது. குரல் கேட்கிறது. மிருகம் முதல் முறையாக மனிதனைப் போல வாய்விட்டு உதவி கேட்கிறது. நாயகன் செய்வது மட்டும் அதேதான். முன்பு அது சாமர்த்தியமாகத் தெரிந்தது. இப்போது பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. போலீஸுக்குச் சொல்லியாயிற்று என்ற சமாதானத்துக்கும் அந்தப் பனிக்காட்டில் இடமில்லை.

அந்த நான்கு பழைய இதழ்கள் பிறகு ஒரே புத்தகமாகவும் வந்தன. அதை இன்று எடுத்துப் படிப்பவர்கள் கோடரிக் காட்சியில் வழக்கம்போல அதிர்ந்து போகலாம். சற்று நேரம் தங்கிப் பார்க்க வேண்டியது கடைசிக் காட்சியை. தன் கையைத் தானே வெட்டிக்கொண்டவனைவிட, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போகிறவர் அங்கே அதிகம் பயமுறுத்துகிறார்.