துப்பாக்கி காவலாகுமா?

ஆய்வக வகுப்பு முடிந்து, கடைசிப் பேருந்திலிருந்து இறங்கி, இரண்டு கிலோமீட்டர் இருளில் நடந்து வீடு சேர்பவள் நான். சென்ற ஆண்டு ஒருநாள் என்னைப் பின்தொடர்ந்த காலடி ஓசை இன்றும் நெஞ்சில் ஒலிக்கிறது. 'கையில் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால்!' என்று அன்றிரவு ஏங்கினேன்.

பின்னர் விசாரித்தேன். கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014-இல் பெண்களுக்கென்றே வெளியிட்ட 'நிர்பீக்' ரிவால்வரின் எடை ஏறத்தாழ 500 கிராம், அப்போதைய விலையோ ரூ.1,22,000-க்கும் மேல்! கூலி வேலை செய்து என்னைப் படிக்க வைக்கும் அம்மா அதற்கு எங்கே போவார்? மேலும், தற்காப்புக்கான உரிமம் பெற 21 வயது நிறைய வேண்டும். எனக்கோ 20.

சரி, கிடைத்துவிட்டது என்றே கொள்வோம். என்.சி.சி. முகாமில் .22 ரைபிளால் சுட்டிருக்கிறேன். பட்டப்பகலில், படுத்த நிலையில், அசையாத இலக்கை நோக்கிச் சுட்ட ஐந்து குண்டுகளில் இரண்டே பட்டன. இருளில், நடுங்கும் கையால், பையைத் துழாவி எடுத்துச் சுட முடியுமா? பழகாதவர் கைத் துப்பாக்கி பகைவன் கைக்கும் போகும். வழிப்போக்கர் உயிரையும் குடிக்கும். உரிமம் கேட்பவர் பயிற்சி பெற்றாக வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் சொல்வது இதனால்தான்.

தற்காப்பு உரிமையைச் சட்டம் நமக்குத் தந்திருக்கிறது. அதைப் பயன்படுத்தும் உடலும் துணிவும் வேண்டாவா? பேராசிரியப் பெருமக்களே, வாரம் ஒரு மணி நேரம் சிலம்பமும் தற்காப்புப் பயிற்சியும் தாருங்கள். மாணவ நண்பர்களே, இருண்ட சாலைகளுக்கு விளக்குக் கேட்டு ஒன்றாய்க் குரல் கொடுப்போம்.

துப்பாக்கியை நம்புமுன் நம்மை நம்பக் கற்போம்!